பழைய பொருளை வித்தாலும் குடுத்தாலும், அதுக்குள்ள நம்ம பொருள் எதுவும் போயிடாம பாத்துக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பொருளை வித்தோ சும்மா குடுத்தோ அனுப்புனப்புறம் "ஐயோ, அதுக்குள்ள அது இருந்துச்சே"ன்னு திக்குன்னு ஆகறது யாருக்கு வேணா நடக்கும். சின்னதா போனா கொஞ்சம் சில்லறையோட போயிடும், பெருசா போனா அம்மாவோட மோதிரம், பாஸ்போர்ட், பல வருஷத்து போட்டோ, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து போயிடும். இதுக்கு யாரையும் கவனக்குறைவுன்னு திட்டி பிரயோஜனம் இல்லங்க. ரொம்ப நாளா நம்மகூட இருக்கற பீரோவை நாம பீரோவா தான் பாக்கறோம், உள்ள இருக்கறது கண்ணுலயே படாது. அதனால "ஞாபகம் வச்சு எடுத்துடுவேன்"ங்கறது வேலைக்கு ஆகாது. ஞாபகத்தை நம்பாம கையை உள்ள விட்டு தேடற பழக்கம் தான் வேணும், இந்த கைடு முழுக்க அதுக்குத்தான்.

முதல் படி: எப்போ தேடணும், யார் தேடணும்

வாங்கறவர் வாசல்ல வந்து நிக்கும்போது தேடாதீங்க. அந்த நேரத்துல அவர் காத்துக்கிட்டு இருக்காரேன்னு ஒரு பதட்டம் இருக்கும், மேலோட்டமா ரெண்டு டிராயரை இழுத்து பாத்துட்டு "எல்லாம் காலி"ன்னு சொல்லிடுவோம். விக்கலாம், குடுக்கலாம்னு முடிவு பண்ற அன்னைக்கே தேடிடுங்க, விளம்பரத்துக்கு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே. தேடி முடிச்ச பொருளை தனியா வச்சு மேல ஒரு பேப்பர் ஒட்டி "பாத்தாச்சு"ன்னு எழுதிடுங்க, ஏன்னா நடுவுல ரெண்டு நாள் அது வீட்லயே இருந்தா யாராவது அதுக்குள்ள மறுபடியும் எதையாவது வச்சுடுவாங்க, இது நிஜமா நடக்கும்.

அடுத்தது, அந்த பொருளை யார் புழங்குனாங்களோ அவங்க கிட்ட கேக்காம அது வீட்டை விட்டு போகவே கூடாது. இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். 2009ல இஸ்ரேல்ல டெல் அவிவ் நகரத்துல ஒரு பொண்ணு அம்மாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு பழைய மெத்தையை தூக்கிப் போட்டுட்டு புது மெத்தை வாங்கி வச்சாங்க, அந்த பழைய மெத்தைக்குள்ள தான் அம்மா வாழ்நாள் சேமிப்பை ஒளிச்சு வச்சிருந்தாங்க, கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர்னு அப்போ செய்தி வந்துச்சு, குப்பைக் கிடங்கு கிடங்கா போய் தேடுனாங்க. அந்த பொண்ணு பண்ணது பாசத்துல தான், ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். வயசானவங்க பொருளா இருந்தா "இதுல ஏதாவது வச்சிருக்கீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "இல்ல"ன்னு தான் பதில் வரும். பக்கத்துல உக்காந்து அவங்க முன்னாடியே ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, பாக்கும்போது தான் அவங்களுக்கே ஞாபகம் வரும்.

இறந்து போனவங்க பொருள்னா இன்னும் நிதானமா போங்க. கேக்கறதுக்கு ஆள் இல்ல, அவங்க எங்கெங்க என்ன வச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது, மனசும் சரியில்லாத நேரம், சொந்தக்காரங்க "சீக்கிரம் காலி பண்ணிடலாம்"னு வேற சொல்லுவாங்க. கொஞ்ச நாள் அப்டியே இருக்கட்டும்னு விட்டா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. காலி பண்ணும்போது ஒவ்வொரு துணியையும் பிரிச்சு, ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, ஒவ்வொரு புக்கையும் புரட்டிப் பாருங்க. பணத்தை விட கடுதாசியும் போட்டோவும் அவங்க கையெழுத்தும் தான் அப்புறம் எங்கயும் கிடைக்காது.

ரெண்டாவது படி: பொருள் எப்படி உள்ள மாட்டுதுன்னு புரிஞ்சுக்கறது

ஒளிச்சு வச்சது, தானா விழுந்து மாட்டுனது, அதோட நிரந்தர இடமே அதுதான்னு ஆனது, கண்ணுக்கே தெரியாதது, இந்த நாலுல ஒண்ணா தான் இருக்கும். ஒளிச்சு வச்சதை யோசிச்சா பிடிச்சுடலாம், "நான் திருடனுக்கு தெரியாம வைக்கணும்னா எங்க வைப்பேன்"னு கேட்டா பாதி இடம் தெரிஞ்சுடும். விழுந்து மாட்டுனதுக்கு யோசனை உதவாது, தலைகீழா கவுத்து குலுக்கி கை விட்டு தான் பாக்கணும். நிரந்தர இடமானது எதுன்னா கார் டேஷ்போர்டுல இருக்கற ஆவணம், பிரிண்டர்ல சொருகியே இருக்கற மெமரி கார்டு இந்த மாதிரி, தினமும் பாத்து பாத்து அது அந்த பொருளோட ஒரு பாகம் மாதிரியே ஆகிடும். கண்ணுக்கு தெரியாததுன்னா டேட்டா, அதை கடைசியில தனியா விரிவா சொல்றேன்.

மூணாவது படி: துணி, பை, பெட்டி

துணியில எல்லா பாக்கெட்லயும் கை விடுங்க, மேல தட்டிப் பாத்தா போதாது. மடிச்ச பேப்பரும் நோட்டும் தட்டுனா தெரியவே தெரியாது. ஜீன்ஸ்ல வலது பக்க பாக்கெட்டுக்குள்ள இருக்கற குட்டி பாக்கெட், கோட்டுக்கு உள்பக்கம் இருக்கற பாக்கெட், ஜாக்கெட் கைப்பக்கம் இருக்கற ஜிப், இதெல்லாம் தான் விட்டுப் போகும். அதை விட முக்கியம், பாக்கெட்ல ஓட்டை இருந்தா உள்ள போட்ட பொருள் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவுல இறங்கி கீழ் ஓரத்துல போய் உக்காந்துக்கும். அதனால கோட்டோட கீழ் ஓரத்தை ஒரு முனையில ஆரம்பிச்சு இன்னொரு முனை வரைக்கும் விரலால அழுத்திக்கிட்டே போங்க. மோதிரம், காசு, சாவி எது இருந்தாலும் கையில தட்டுப்படும், லைனிங்கை கொஞ்சம் பிரிச்சு எடுத்துட்டு தைச்சுக்கலாம்.

ஹேண்ட்பேக்குக்கும் இதே கதை தான், அடியில கெட்டியா இருக்க ஒரு அட்டை போட்டிருப்பாங்க, அதை தூக்கிப் பாருங்க. லேப்டாப் பைல முதுகை ஒட்டி ஒரு ரகசிய ஜிப் இருக்கும், பாஸ்போர்ட் வைக்கறதுக்குன்னே குடுத்தது, அதுலயே பாஸ்போர்ட்டை விட்டுட்டு பையை குடுக்கறவங்க உண்டு. டிராவல் சூட்கேஸ்ல உள்பக்கத் துணியில ஒரு ஜிப் இருக்கும், அதைத் திறந்தா கைப்பிடி கம்பி தெரியும், அந்த இடத்துக்குள்ளயும் சாமான் நழுவிப் போகும். பெட்டியை பெருசாக்கற ஜிப்பையும் முழுசா திறந்துடுங்க. வெளிய தொங்கற பழைய டேக்ல உங்க பேர், அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் இருக்கும், அதை கிழிச்சுடுங்க. பர்ஸ் குடுக்கறீங்கன்னா கார்டு சொருகற இடத்துக்கு பின்னாடி உள்ள இடைவெளியை பாருங்க, சின்ன போட்டோ அங்க தான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

நாலாவது படி: பீரோ, மேசை, சோஃபா, கட்டில்

டிராயரை இழுத்துப் பாக்கறது தேடறது ஆகாது. டிராயரை முழுசா கழட்டி வெளிய எடுங்க. நிறைய பேப்பர் திணிச்ச டிராயர்ல மேல இருக்கறது பின்பக்கமா வழிஞ்சு டிராயருக்கு பின்னாடி விழும், டிராயர் காலியா இருக்கும், ஆனா அதோட கூட்டுக்குள்ள நாலு கவர் கிடக்கும். கழட்டுனதும் டிராயரோட அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க, சாவியோ கவரோ டேப் போட்டு ஒட்டியிருக்கலாம். போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு மேசைக்கு அடியில படுத்து ஒரு தடவை மேல பாருங்க.

பூட்டியிருக்கற எதையும் திறக்காம குடுக்காதீங்க, சாவி தொலைஞ்சிருந்தாலும் சரி. 2018 ஜனவரியில ஆஸ்திரேலியாவுல ஒரு பெரிய பிரச்சனையே இப்படித்தான் வந்துச்சு. கான்பெராவுல ஒரு பழைய ஃபர்னிச்சர் கடையில ரெண்டு ஃபைல் அலமாரி ரொம்ப மலிவா வித்துச்சு, பூட்டியிருந்துச்சு, சாவி இல்ல, கனமா வேற இருந்துச்சு. வாங்குனவர் பூட்டை டிரில் போட்டு திறந்து பாத்தா உள்ள ஆயிரக்கணக்கான பக்கம் மந்திரிசபையோட ரகசிய ஆவணங்கள், கிட்டத்தட்ட பத்து வருஷத்து சமாச்சாரம், ஏபிசி செய்தி நிறுவனம் அதை வச்சு வரிசையா செய்தி போட்டாங்க. ஒரு அரசாங்கத்துக்கே இந்த கதின்னா "அது காலியா தான் இருக்கும்"னு நாம நினைக்கறதுக்கு என்ன மதிப்பு? பூட்டு திறக்கற ஆளை கூப்பிட்டு திறந்து பாத்துட்டு குடுங்க, அந்த செலவு வீண் இல்ல.

சோஃபாவுக்கு குஷனை எடுத்துட்டு மூணு பக்கமும் சந்துல கை விடணும். வெறும் கையை அப்டியே வேகமா விடாதீங்க, ஊசி, பிளேடு, உடைஞ்ச கண்ணாடி இருக்கலாம், முதல்ல டார்ச், அப்புறம் கெட்டியான கையுறை. அப்புறம் சோஃபாவை முன்பக்கமா சாய்ச்சு அடிப்பக்கத்தை பாருங்க, அங்க மெல்லிசா ஒரு கருப்புத் துணி பின் அடிச்சு வச்சிருப்பாங்க. சந்து வழியா விழுந்ததெல்லாம் கடைசியில அந்த துணி மேல தான் தேங்கி நிக்கும். துணியை கையால தடவுனா மேடு மாதிரி தெரியும், ஒரு ஓரத்துல ரெண்டு பின்னை மட்டும் கழட்டுனா எடுத்துடலாம். மெத்தைக்கு உறையோட ஜிப்பை திறந்து பாருங்க, பொட்டிக் கட்டில்னா அடியில இருக்கற பலகையையும் தூக்கிப் பாருங்க.

அஞ்சாவது படி: புக்கும் போட்டோ ஃபிரேமும்

புக்குக்குள்ள எதை வேணா அடையாளத்துக்கு வைப்போம். கடுதாசி, போட்டோ, ரசீது, ரூபா நோட்டு, டாக்டர் சீட்டு எது கையில கிடைச்சாலும். புக்கை கவுத்து பிடிச்சு குலுக்குனா லூசா இருக்கறது விழும், ஆனா ஒட்டிக்கிட்டு இருக்கற போட்டோ விழாது. கட்டை விரலால பக்கங்களை சர்ருன்னு ஒரு தடவை முன்பக்கத்துல இருந்தும் ஒரு தடவை பின்பக்கத்துல இருந்தும் ஓட்டிப் பாருங்க, எதாவது இருந்தா அந்த இடத்துல ஓட்டம் நின்னுடும். மேலட்டை உறையோட மடிப்பு, முதல் பக்கத்துல யாரோ எழுதிக் குடுத்த வரி, இதையும் பாருங்க. அந்த வரியை பாத்தப்புறம் அந்த புக்கை குடுக்க மனசு வராம போனாலும் போகலாம், அப்படின்னா குடுக்காதீங்க.

ஃபிரேமை பின்பக்கம் கழட்டாம குடுக்கவே கூடாது. புது போட்டோ போடும்போது பழசை எடுக்காம அதுக்கு முன்னாடியே வச்சு மூடிடுவோம், அதனால ஒரே ஃபிரேம்ல ரெண்டு மூணு போட்டோ அடுக்கா இருக்கும். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஒருத்தர் 1989ல பழைய பொருள் சந்தையில 4 டாலருக்கு ஒரு படம் வாங்குனார், ஃபிரேம் தான் பிடிச்சிருந்துச்சு, பிரிச்சு பாத்தா படத்துக்கு பின்னாடி மடிச்சு வச்சபடி 1776ல அச்சடிச்ச அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தோட ஒரு பிரதி. 1991ல அது ஏலத்துல 24 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்த ஃபிரேமை அதுக்கு முன்னாடி எத்தனை பேர் கை மாத்தி விட்டாங்களோ, ஒருத்தரும் பின்பக்கத்தை கழட்டிப் பாக்கல.

ஆறாவது படி: மெஷின்கள்

வாஷிங் மெஷின்ல கீழ் ஓரத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், தண்ணி வெளிய போற பம்போட ஃபில்டர் அது, முன்பக்கம் திறக்கற மெஷின்ல பெரும்பாலும் இருக்கும். அடியில ஒரு தட்டு வச்சுக்கிட்டு மெதுவா திருகிக் கழட்டுங்க, தண்ணி கொட்டும். கம்மல், காசு, குட்டி திருகாணின்னு காணாம போன பல விஷயம் அங்க கிடைக்கும். கதவை சுத்தி இருக்கற ரப்பரோட மடிப்பையும் விரலால விரிச்சு பாருங்க.

பிரிண்டர், ஸ்கேனர்னா மூடியை தூக்கி கண்ணாடி மேல எதுவும் கிடக்குதான்னு பாக்கணும், கடைசியா ஸ்கேன் பண்ண ஒரிஜினல் சர்டிஃபிகேட் அங்கேயே கிடக்கும். டிவிடி பிளேயர், கேம் கன்சோல் உள்ள டிஸ்க் இருக்கான்னு கரண்டு குடுத்து திறந்து பாருங்க. மெஷின் ஓடலைன்னா பல டிஸ்க் டிரைவ்ல முன்பக்கம் ஒரு குண்டூசி துளை இருக்கும், நிமுத்துன பேப்பர் கிளிப்பை உள்ள விட்டா தட்டு வெளிய வந்துடும். கேமராவுல மெமரி கார்டு எடுத்தா மட்டும் போதாது, சிலதுல உள்ளேயே கொஞ்சம் மெமரி இருக்கும்.

கார் ஒரு தனி உலகம். டேஷ்போர்டு பெட்டி, சன் வைசர், சீட்டுக்கு பின்னாடி பை, சீட்டு நகர்ற தண்டவாளத்துக்கு நடுவுல, குழந்தை சீட்டுக்கு அடியில, ஸ்டெப்னி டயர் இருக்கற குழி, டேஷ் கேமோட கார்டு, யுஎஸ்பி பெண்டிரைவ், சுங்கச்சாவடி டேக். அப்புறம் காரோட ஸ்கிரீன்ல உங்க போன் காண்டாக்ட் எல்லாம் ஏறியிருக்கும், நேவிகேஷன்ல "வீடு"ன்னு உங்க அட்ரஸ் இருக்கும், செட்டிங்ஸ்ல போய் ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க. போன் ஆப்ல இருந்தும் காரை நீக்கணும். 2017ல ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியோட பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருத்தர் தான் வித்த காரை அதுக்கப்புறமும் தன்னோட போன்ல இருந்தே இயக்க முடியுதுன்னு சொன்னார், எங்க இருக்குன்னு பாக்கலாம், கதவையும் திறக்கலாம். நீங்க பழைய கார் வாங்குனாலும் இதை யோசிச்சு முந்தின ஓனர் கணக்கை நீக்க சொல்லுங்க.

ஏழாவது படி: டேட்டா

டெலீட் பண்ணா போயிடும்னு நம்பறது தான் இங்க பெரிய ஆபத்து. டெலீட் பண்ணும்போது ஃபைல் இருக்கற இடத்தோட குறிப்பு தான் அழியுது, சாதாரண ஹார்ட் டிஸ்க்ல ஃபைல் அப்டியே தான் இருக்கும், வேகமா முடியற ஃபார்மெட்டும் அதே தான். அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் ரெண்டு பேர் 2000ல இருந்து 2002க்குள்ள 158 பழைய டிஸ்க் வாங்கி சோதிச்சாங்க, ஓடுனது 129, அதுல ஒழுங்கா அழிச்சிருந்தது வெறும் 12. மத்ததுல 5,000க்கு மேல கிரெடிட் கார்டு நம்பர், மருத்துவ விவரம், சொந்த மெயில் எல்லாம் கிடைச்சுச்சு. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்லயும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்னு நிறைய பேருக்கு தெரியாது, நியூயார்க்ல ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை ஜெராக்ஸ் மெஷினை டிஸ்க் அழிக்காம திருப்பி குடுத்ததால 2013ல 12 லட்சம் டாலருக்கு மேல கட்ட வேண்டியதாச்சு.

போனுக்கு வரிசை முக்கியம், மாத்தி செஞ்சா மாட்டிக்குவீங்க. முதல்ல பேக்கப் எடுங்க, எடுத்துட்டு புது போன்ல போட்டோவும் சாட்டும் நிஜமாவே வந்துச்சான்னு திறந்து பாருங்க. அடுத்து ஓடிபி உண்டாக்கற ஆப்பை புது போனுக்கு மாத்துங்க, இதை மறந்தா பழைய போன் போனதும் உங்க அக்கவுண்டுக்குள்ள நீங்களே நுழைய முடியாது. ஸ்மார்ட் வாட்சை போனோட இணைச்சிருந்தா அந்த இணைப்பை நீக்கிடுங்க. அப்புறம் கூகுள் அல்லது ஆப்பிள் அக்கவுண்டுல இருந்து சைன் அவுட், ஐபோன்ல தொலைஞ்ச போனை கண்டுபிடிக்கற "ஃபைண்ட் மை" வசதியை அணைச்சுடணும், இல்லைனா வாங்குனவருக்கு போன் பூட்டிக்கிட்டே நிக்கும். அதுக்கப்புறம் தான் ரீசெட். ரீசெட் முடிஞ்சதும் சிம்மும் மெமரி கார்டும் கையில எடுத்தாச்சான்னு பாருங்க, இசிம் (போனுக்குள்ளயே இருக்கற டிஜிட்டல் சிம்) இருந்தா அதையும் அழிச்சீங்களான்னு பாருங்க. ஸ்கிரீன் உடைஞ்ச போன், ஆன் ஆகாத போன் உள்ளயும் டேட்டா முழுசா இருக்கும், அதை எக்ஸ்சேஞ்ச்ல தள்றதுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணியாவது அழிச்சுடுங்க, முடியலைன்னா விக்காதீங்க.

விண்டோஸ் கம்ப்யூட்டர்னா "ரீசெட் திஸ் பிசி"ல எல்லாத்தையும் நீக்கறதை தேர்ந்தெடுத்து, உள்ள செட்டிங்ஸ்ல "கிளீன் டேட்டா"வை ஆன் பண்ணுங்க, நேரம் பிடிக்கும், பரவால்ல. புது மேக்ல "எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்" இருக்கு. தனி ஹார்ட் டிஸ்க்கா இருந்தா முழுசா ஒரு தடவை மேலெழுதுனா, அதாவது பழைய டேட்டா மேலயே வேற எதையாவது எழுதி நிரப்புனா போதும், ஆனா எஸ்எஸ்டிக்கு (சிப்புல சேமிக்கற வகை டிஸ்க்) மேலெழுதறது நம்பகமில்ல, அது எழுதற இடத்தை உள்ளுக்குள்ளயே மாத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு தயாரிச்ச கம்பெனியோட செக்யூர் எரேஸ் டூலை தான் பயன்படுத்தணும். ஒரே மாதிரி ரெண்டு டிஸ்க் வீட்ல இருந்தா எது எதுன்னு மேல எழுதி ஒட்டுங்க. பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில நியூபோர்ட் ஊர்ல ஜேம்ஸ் ஹவல்ஸ்ங்கறவரோட டிஸ்க் 2013ல குப்பைக்கு போச்சு, காலி டிஸ்க்னு நினைச்சு மாத்தி போட்டது, அதுல 8,000 பிட்காயினோட (டிஜிட்டல் பணம்) சாவி, அதாவது அதை எடுக்க உதவற ரகசிய கோடு இருந்துச்சு. கிடங்கை தோண்ட அனுமதி கேட்டு கோர்ட் வரைக்கும் போனார், 2025 ஜனவரியில அந்த வழக்கும் தள்ளுபடி ஆயிடுச்சு.

ரவுட்டர், ஸ்மார்ட் டிவி, ஸ்பீக்கர், வீட்டு கேமரா, இ-புக் ரீடர், இதெல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டு உங்க அக்கவுண்ட்ல இருக்கற டிவைஸ் லிஸ்ட்ல இருந்தும் நீக்கிடுங்க.

எட்டாவது படி: போனப்புறம் ஞாபகம் வந்தா

முதல்ல கார்டையும் அக்கவுண்டையும் பாதுகாக்கணும், தேடறது அப்புறம். பேங்க் கார்டு போயிருந்தா உடனே பிளாக், போன் போயிருந்தா தூரத்துல இருந்தே லாக் பண்ணி அழிச்சுடுங்க, லேப்டாப் போயிருந்தா முக்கியமான பாஸ்வேர்டை மாத்தி எல்லா இடத்துலயும் லாக் அவுட் குடுங்க. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரு நிமிஷம் யோசிங்க, தொலைஞ்சதா பதிவு பண்ணிட்டா அது ரத்தாகிடும், திரும்ப கிடைச்சாலும் அதை வச்சு பயணம் போக முடியாது. அதனால யார் கிட்ட இருக்குன்னு உறுதியா தெரிஞ்சா முதல்ல அவங்களுக்கு போன் பண்ணுங்க.

தனி ஆள் கிட்ட குடுத்திருந்தா மெசேஜ் மட்டும் போட்டுட்டு காத்திருக்காதீங்க, கூப்பிட்டு பேசுங்க. "சோஃபாவோட இடது கைப்பிடி சந்துல ஒரு சின்ன துணிப் பை இருக்கலாம், கொஞ்சம் பாக்க முடியுமா, நானே வந்து எடுத்துக்கறேன்"னு இடத்தை சரியா சொல்லுங்க. திருடிட்டாங்கங்கற தொனி துளி கூட வரக்கூடாது, அவங்க பாவம் இன்னும் பாத்திருக்கவே மாட்டாங்க. தொண்டு நிறுவனத்துக்கோ பழைய பொருள் கடைக்கோ குடுத்திருந்தா நேர்ல போயிடுங்க, குடுத்த தேதி, நேரம், பையோட நிறம், உள்ள இருந்த மத்த துணிங்க, ரசீது இருந்தா அது, பொருளோட பழைய போட்டோ ஒண்ணு, எல்லாம் கையோட. பிரிச்சு வேற இடத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி போனா தான் கிடைக்க வாய்ப்பு. நீங்களே உக்காந்து தேடறேன்னு சொல்லுங்க, வேலை செய்யறவங்களுக்கு அது பெரிய உதவி. கிடைக்கலைன்னா போன் நம்பரை எழுதி குடுத்துட்டு வாங்க, பல மாசம் கழிச்சும் கூப்பிடுவாங்க.

நீங்க வாங்குன பொருள்ல அடுத்தவங்களோடது கிடைச்சா

கிடைச்சதை அப்டியே ஒரு போட்டோ எடுத்துட்டு, குடுத்தவங்க கிட்ட "உங்க பொருள் ஏதாவது விட்டுப் போச்சா"ன்னு கேளுங்க, என்னன்னு நீங்க சொல்லாதீங்க, அவங்க சொல்லட்டும், அப்போ தான் உண்மையான ஆள் கிட்ட போய் சேரும். பொது இடத்துல போட்டா முழுப் படம் போடாதீங்க, ஐடி கார்டா இருந்தா அதுல இருக்கற பேரும் நம்பரும் வெளிய வரவே கூடாது. டிஸ்க்லயோ போன்லயோ அடுத்தவங்க போட்டோ, ஃபைல் இருந்தா திறந்து திறந்து பாக்காதீங்க, அவங்களுக்கு காப்பி வேணுமான்னு மட்டும் கேட்டு, வேணும்னா குடுத்துட்டு, அப்புறம் முழுசா அழிச்சுடுங்க. கடைக்காரர் மூலமா வாங்கியிருந்து முந்தின ஓனர் யாருன்னே தெரியலைன்னா, பொருளை கடையில குடுத்துட்டு உங்க நம்பரையும் விட்டுட்டு வாங்க, பணமோ நகையோ ஐடி ஆவணமோன்னா போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு அதுக்கு ஒரு ரசீது வாங்கிக்குங்க.